ஒரு பொட்டு அதிகம்

அத்தியாயம் 4

பாபநாசம் ரயில்வே கேட் மூடிக் கிடந்த ஏழு நிமிஷத்துக்குள் பரிதி வழக்கை முடித்துவிட்டான்.

“பொண்டாட்டிதான் மேடம். சந்தேகமே வேணாம். இப்படியே திரும்பினா அய்யம்பேட்டையில சூடா வடை சாப்பிடலாம்.”

ஸ்கூட்டரின் முன்னால் உட்கார்ந்திருந்த குந்தவை தலையைத் திருப்பவில்லை. “நம்மளக் கூப்பிட்டதே அந்தப் பொண்டாட்டிதான்.”

“அதுதான் எனக்கு முதல் சந்தேகம்.”

“ரெண்டாவது?”

“ரெண்டாவதுக்கு வடை வேணும்.”

குந்தவை பதினாறு வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்காக அடிபட்ட வண்டிகளைப் பார்த்து, மரம் வந்து காரில் மோதியதா, கார் போய் மரத்தில் மோதியதா என்று எழுதிக் கொடுத்தவள். கடைசியில் வண்டிகளைவிட அவற்றின் உரிமையாளர்கள் சொல்லும் கதைகள் சுவாரசியமாக இருப்பதைக் கண்டு, வேலையை விட்டுவிட்டு, தஞ்சாவூர் கீழவாசலில் ஒரு பாத்திரக்கடை மாடியில் துப்பறியும் நிறுவனம் தொடங்கினாள். அங்கே இரண்டு நாற்காலி, ஒரு மின்விசிறி, ஒரு பரிதி. மூன்றிலும் நிற்காமல் ஓடுவது பரிதியின் வாய்தான் என்பது கீழ்க் கடைக்காரரின் கணிப்பு.

ஆயுதபூஜை நாளாயிற்றே, ஆபீஸ் கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைத்துவிட்டு நிம்மதியாகப் பொரி தின்னலாம் என்று அவன் உட்கார்ந்தபோதுதான் அந்த போன் வந்தது.

“எம் பேரு பூவம்மாள். எங்க வீட்டுக்காரரோட பழைய காரை நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்குள்ள ஓட வச்சுக் குடுக்கணும். ஓடலைன்னா நான்தான் திருடின்னு ஊரே சொல்லும். ஓடிடுச்சுன்னா அவர்கிட்ட நான் தோத்துடுவேன். பரவாயில்ல, ஓட வைங்க.”

இப்படி ஒரு கட்சிக்காரரை விட்டுவிடக் குந்தவைக்கு மனம் வரவில்லை. கேட் திறந்தது. வடை தப்பித்தது.

*

சாலையின் இடது பாதியில் குறுவை நெல் காய்ந்துகொண்டிருந்தது. வலது பாதியில் பஸ்கள் போயின. மேலே மேகம் இரண்டுக்கும் சேர்த்துத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தது.

சேக் தாவூது பாயின் பட்டறை ஊருக்கு வெளியே, வாய்க்கால் பாலத்தை ஒட்டி இருந்தது. சாதாரண நாளில் அங்கே அறுப்பு மிஷின்களும் பவர் டில்லர்களும் வயிறு திறந்து கிடக்கும். இன்று அவற்றின் கழுத்தில் மாலை. வாசலில் வாழைக்கன்று. நட்ட நடுவில், பாலாடை நிறத்தில், உருண்டை முதுகும் உருண்டைக் கண்ணுமாக ஒரு மோரிஸ் மைனர் கார். வயது எழுபதைத் தாண்டிவிட்டது என்று சத்தியம் செய்தால்தான் நம்ப முடியும். அதன் நான்கு சக்கரங்களுக்கு முன்னால் நான்கு எலுமிச்சம்பழங்கள் நசுங்கக் காத்திருந்தன.

“நசுங்கலைங்க” என்றான் மெக்கானிக் காத்தான். ஆறடிக்கு மேல் வளர்ந்தவன், கதவு நிலைக்குக் கீழே குனிந்தே பழகியவன். “எட்டரைக்குப் பூஜை முடிஞ்சுது. எல்லாரும் பின்பக்கம் போயி சுண்டல் தின்னோம். பத்து மணிக்கு வந்து பழத்து மேல ஏத்தலாம்னு சாவியப் போட்டா, வண்டி மூச்சே விடல. பானெட்டத் திறந்து பார்த்தா, ரோட்டாரைக் காணோம்.”

“ரோட்டார்னா?” என்றான் பரிதி.

“கட்டை விரல் அளவுதான் இருக்கும். பந்தியில நாலு இலைக்கும் மாறி மாறிப் பரிமாறுறவன் மாதிரி, நாலு பிளக்குக்கும் நெருப்பு குடுக்குறது அதான். அது இல்லைன்னா இலை போட்டும் சாப்பாடு கிடையாது.”

“வேற வாங்கிப் போட முடியாதா?”

“இந்த வண்டிக்கா? சென்னையில ஒருத்தர்கிட்டதான் கிடைக்கும். அவரு இன்னைக்குப் பூஜையில இருப்பாரு, நாளைக்கு விஜயதசமின்னு எங்கயாவது நிச்சயதார்த்தத்துல வெத்தலை பாக்கு மாத்திக்கிட்டிருப்பாரு. பழைய கார் கண்காட்சி நாளைக்குக் காலையில தஞ்சாவூர்ல. ஒன்பது மணிக்கு கேட்டை மூடிடுவாங்க. வண்டி சொந்தமா ஓடி உள்ள வரணும், கட்டி இழுத்துக்கிட்டு வரக் கூடாது.”

அப்போது வாசலில் ஒரு குட்டி யானை, அந்தச் சின்ன லோடு வண்டி, பின்னால் முப்பது மூட்டை நெல்லோடு ஒடித்துத் திரும்பி, இரண்டு அறுப்பு மிஷினுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டு நின்றது. ஓட்டுநர் பக்கத்திலிருந்து ஒரு பெண் இறங்கினாள். நாற்பத்தைந்து வயது, முழங்கை வரை நெல் தூசி, சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை.

“நான்தான் பூவம்மாள். திருடி.”

“வணக்கம்” என்றாள் குந்தவை. “திருடினீங்களா?”

“திருடணும்னா முழுக் காரையும் திருடியிருப்பேன். அதுல போயி கட்டை விரல் அளவு எதுக்கு?” செல்போனை எடுத்து நேரம் பார்த்தாள். உறைக்குள் அவளுடைய டிரைவிங் லைசென்ஸ் செருகியிருந்தது. “நாலு வருஷமா எங்க நெல்லுக் கொட்டகையில இந்தக் கார் படுத்திருந்துச்சு, நெல்லு ரோட்ல படுத்திருந்துச்சு. போன வருஷம் கொள்முதல் நிலையத்து வாசல்ல ஆறு நாள் மழையில கிடந்து மூட்டைக்குள்ளயே முளை விட்டுடுச்சு. அப்பத்தான் நாலு பேரு முன்னாடி சொன்னேன். அடுத்த கண்காட்சிக்கு இது போகலைன்னா, இரும்புக் கடைக்குப் போகும்னு. அவரும் சரின்னுட்டாரு. மூணு வாரம் முன்னாடி இங்க கொண்டாந்து மிச்ச வேலையை முடிச்சாங்க.”

“இன்னைக்குக் காலையில இங்க வந்தீங்களா?”

“ஒன்பது மணிக்கு சுண்டல் குண்டானைக் கொண்டாந்து, தோ அந்தக் கதவுகிட்ட வச்சேன். பத்து நிமிஷம் தனியாத்தான் நின்னேன். போதாதா? காத்தான் தம்பி உடனே என் மூஞ்சியப் பார்த்துச்சு.”

காத்தான் ஜாக்கியைப் பார்த்தான்.

“உங்க வீட்டுக்காரர் என்ன சொன்னாரு?”

“ஒண்ணும் சொல்லல.” அதுவரை விளையாட்டாகப் பேசியவள் முழங்கைத் தூசியைத் தட்டிவிட்டுக்கொண்டாள். “பூவு எடுத்திருக்க மாட்டான்னு ஒரு வார்த்தை. ம்ஹூம். வானத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாரு.”

“காரு அவர் பேர்லதானே?”

“எங்க வீட்ல வண்டின்னு எதுவும் அவர் பேர்ல கிடையாது. ஜாதகத்துல ஆகாதுன்னு ஜோசியர் சொல்லிட்டாரு. டிராக்டரு, லோடு வண்டி, மொபெட்டு எல்லாம் எம் பேருதான். வண்டிக்கு நான், பேச்சுக்கு அவரு.”

பரிதி மெல்லக் குந்தவையின் காதருகே சாய்ந்தான். “மேடம், என் முதல் சந்தேகத்தை வாபஸ் வாங்கிக்கிறேன். இந்தம்மா எடுத்திருந்தா வாசல்லயே வச்சு, நான்தான் எடுத்தேன், என்னாங்கிறேன்னு கேட்டிருக்கும்.”

*

பூவம்மாளின் கணவர் இளஞ்செழியன் பட்டறைக்குப் பின்பக்கம் ஒரு நாற்காலியில், கையில் பொரிப் பொட்டலத்தோடு, துக்க வீட்டுக்கு வந்தவர் போல உட்கார்ந்திருந்தார். ஐந்தடி இரண்டங்குலம் இருப்பார். கஞ்சி போட்ட சட்டை, கறுப்புக் கண்ணாடி, நான்கு வீடு தள்ளி மணக்கும் சென்ட்.

“மஸ்கட்ல பதினோரு வருஷம் டிரைவருங்க. பென்சு, லெக்சஸ், என்னென்னமோ வண்டி. எதுவும் இந்த மாதிரி என் மனசுல உட்காரல” என்றார். “போகட்டும் விடுங்க. விதி.”

“நாளைக்கு நீங்கதான் ஓட்டுறதா இருந்துச்சா?”

“ரூல் அப்படி. உரிமையாளரே ஓட்டணுமாம்.” பொரி ஒன்று தொண்டையில் சிக்கி இருமினார். “அங்க ஸ்டியரிங் இடது பக்கம், ரோடு வலது பக்கம். இங்க எல்லாம் தலைகீழு. கை மாறிடும்னுதான் ஊர்ல நான் எதையும் தொடறதில்ல. ஆனா மோரிஸ்னா சும்மாவா? ஓட்டியிருப்பேன். ஹும். விதி.”

குந்தவை மறுபடியும் முன்பக்கம் வந்து காரைச் சுற்றினாள். அவள் வண்டி பார்க்கும் விதமே தனி. எல்லாரும் பார்க்கும் இடத்தை அவள் கடைசியில்தான் பார்ப்பாள். முதலில் பம்பரைப் பார்த்தாள். அதன் மேல் ஒரு மஞ்சள் துணி, நான்காக மடித்து, பிறகு எட்டாக மடித்து, ஓரம் ஓரத்தோடு ஒட்ட வைக்கப்பட்டிருந்தது.

“இது யாருது?”

“தெரியலைங்க” என்றான் காத்தான். “நாங்க துணியை மடிக்கிற ஆளுங்க இல்ல.”

அது உண்மைதான். பட்டறையில் மற்ற துணிகள் எல்லாம் அடிபட்ட காக்காய் மாதிரி ஆங்காங்கே விழுந்து கிடந்தன.

பானெட்டின் உள் விளிம்பில் ஒரு விரல் ரேகை இல்லை. மேலிருந்து கீழாக, ஒரே சீராக, கோடு கோடாகத் துடைத்திருந்தது.

“திருடிட்டுத் துடைச்சு வச்சுட்டுப் போயிருக்கான் மேடம். இப்படிப்பட்ட திருடன் என் ரூமுக்கு வாரம் ஒரு தடவை வந்தாத் தேவலை.”

குந்தவை ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து காலை நீட்டினாள். கிளட்ச் எட்டவில்லை. “சீட்டு யாருக்கு வச்சது?”

“எனக்குத்தாங்க” என்றான் காத்தான். “நாலு நாளா நான்தான் ஓட்டிப் பார்த்துக்கிட்டிருக்கேன். நேத்து சாயங்காலம்கூட குடவாசல் ரோட்ல ஒரு சுத்து விட்டேன். பூனைக்குட்டி மாதிரி வந்துச்சு.”

அவள் டாஷ்போர்டு அறையைத் திறந்தாள். கண்காட்சி விண்ணப்பமும் ஆர்.சி. நகலும் ஒரே பின்னில் இருந்தன. படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். அவள் உதட்டோரம் ஏறியதைப் பார்த்தான் பரிதி. யாருடைய பொய்யோ அவளுக்கு மிகவும் பிடித்துப்போனால்தான் அது ஏறும்.

பூஜைப் பலகை சுவரோரம் இருந்தது. படத்துக்கு முன்னால் ஸ்பேனர்கள், ஜாக்கி, கிரீஸ் கன், வெல்டிங் மிஷின், ஒரு நீலத் தகரப் பெட்டி. எல்லாவற்றின் நெற்றியிலும் சந்தனம், சந்தனத்தின் மேல் குங்குமம், மேலே ஒரு முழம் மல்லிகை.

பரிதி நீலப் பெட்டியைத் தொடப் போனான். காத்தான் ஒரே தாவலில் குறுக்கே வந்தான்.

“அண்ணே, அண்ணே! பூஜையில வச்ச ஆயுதத்தை மறுபூஜை போட்டுத்தான் எடுக்கணும். நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு. அதுவரைக்கும் ஒரு நட்டைக்கூட அசைக்கக் கூடாது.”

“ஒன்பதா?” என்றாள் குந்தவை.

“ஒன்பதுதாங்க நல்ல நேரம்.”

சேக் தாவூது பாய் டீ டம்ளர்களோடு வந்தார். தாடி வெளுத்த, சிரிக்கும்போது வயிறும் சேர்ந்து சிரிக்கும் மனிதர். பலகைக்கு நாலடி தள்ளியே நின்றுகொண்டார்.

“பட்டறை என்னுது, பூஜை பசங்களுது. நான் குறுக்க போறதில்ல. இருபத்திரெண்டு வருஷமா அப்படித்தான்” என்றார். “அவங்களும் லேசுப்பட்டவங்க இல்ல. எல்லாத்துக்கும் பொட்டு வைப்பாங்க, என் சொந்தப் பெட்டிக்கு மட்டும் பூவோட நிறுத்திக்குவாங்க. நான் சொன்னதே கிடையாது. அவங்களா வச்சுக்கிட்ட மரியாதை.”

குந்தவை டீயை வாங்கி நிதானமாகக் குடித்தாள். பரிதிக்கு டீயில் கவனமில்லை. அவன் கண் பலகையின் ஓரத்தில் நிலைகுத்தியிருந்தது. அங்கே ஒரு கல்யாணப் பூசணிக்காய். அதன் உச்சியில் சதுரமாக வெட்டிய ஒரு சின்ன மூடி.

*

“மேடம், ஓட்டை!” என்று கிசுகிசுத்தான். “பூசணியில ஓட்டை போட்டுக் காசும் குங்குமமும் போடுவாங்கல்ல? அதே ஓட்டையில கட்டை விரல் அளவு சாமான் போகாதா? சாயங்காலம் நடுரோட்ல உடைச்சா, ஆதாரமும் சேர்ந்து சட்னி. என்ன மூளை பாருங்க!”

“யாருக்கு?”

“திருடனுக்கு. அதைக் கண்டுபிடிச்ச எனக்கும்.”

ஆச்சரியமாக, குந்தவை மறுக்கவில்லை. “உடைச்சுப் பாரு. ஆனா எல்லாரையும் கூப்பிட்டு உடை.”

பூசணி ஆயுதமில்லை, எப்படியும் உடைபடப் போகிறதுதான் என்று காத்தானும் சம்மதித்தான். எல்லாரும் வாசலில் கூடினார்கள். பரிதி கற்பூரம் ஏற்றிய பூசணியைத் தலைக்கு மேல் தூக்கினான்.

“மெதுவா! மெதுவா!” என்று அலறினான் காத்தான். “ரோட்டாரு சில்லு சில்லாப் போயிடும்! கத்தியால கீறுங்கண்ணே!”

“தம்பி, கீழ போடாதீங்க, மடியில வச்சுப் பிளங்க!” என்றார் பாய்.

“யோவ், அது எழுபது வருஷத்துச் சாமான்யா!” என்றாள் காரை இரும்புக் கடைக்கு அனுப்பத் துடித்த பூவம்மாள்.

இளஞ்செழியன் பொரி தின்றுகொண்டிருந்தார்.

ஆனால் பரிதியின் கை ஏற்கனவே இறங்கிவிட்டது. பூசணி தார் ரோட்டில் வெடித்தது. அவனுடைய வெள்ளைச் சட்டை ஒரு நொடியில் கொலை வழக்குக்குத் தகுதி பெற்றது. ஒரு ரூபாய்க் காசுகள் உருண்டன. சைக்கிளில் போன ஒருவர் இறங்கி, இரண்டைப் பொறுக்கிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் ஏறிப் போனார். கொட்டைகளும் குங்குமமும் தவிர வேறொன்றும் இல்லை.

“ஏமாத்திட்டாங்க மேடம்” என்றான், சட்டையைப் பிடித்துக்கொண்டு.

“இல்ல பரிதி. இன்னைக்கு நீ செஞ்ச ஒரே உருப்படியான வேலை இதுதான்.” அவள் இளஞ்செழியன் பக்கம் திரும்பினாள். “சார், கார்ல உட்கார்ந்து ஒரு போட்டோ எடுத்துக்கலாமா? எங்க ஃபைலுக்கு வேணும். மத்தவங்க டீ குடிங்க.”

*

இளஞ்செழியன் ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஏறினார். உட்கார்ந்ததும் ஸ்டியரிங்குக்கு மேல் அவர் புருவம் மட்டும்தான் தெரிந்தது. கால்கள் பெடல்களுக்கு அரையடி இந்தப்பக்கம் காற்றில் தொங்கின.

“சீட்டைக் கொஞ்சம் முன்னாடி இழுத்துக்குங்க சார்.”

அவர் இடது பக்கம் தடவினார். வலது பக்கம் தடவினார். முதுகுப் பக்கம் ஒரு தட்டு தட்டினார். கடைசியில் ஜன்னல் கைப்பிடியைச் சுற்ற, கண்ணாடி கீழே இறங்கியது.

“நெம்புகோல் சீட்டுக்கு அடியில இருக்கு” என்றாள் குந்தவை, இறங்கிய கண்ணாடி வழியாக. “நாலு நாளா வண்டி ஓடுது. நாலு வருஷம் ஆசைப்பட்ட மனுஷன் ஒரு தடவை உட்கார்ந்து, சீட்டைத் தனக்கு வாகா இழுத்திருக்க மாட்டாரா? பூசணியைப் போட்டு உடைச்சப்போ எல்லாரும் ரோட்டாரு போச்சேன்னு பதறுறாங்க. உங்க பொரி மட்டும் நிக்கல. ஏன்னா அது பூசணியில இல்லைன்னு உங்களுக்குத் தெரியும்.”

கறுப்புக் கண்ணாடி மெல்லக் கழன்றது.

“வண்டி ஓட்டத் தெரியாதா சார்?” பரிதி கேட்டதில் கிண்டல் இல்லை. அவனுக்கே அது புதிதாக இருந்தது.

“தெரியாதுங்க.” குரல் சீட்டுக்கு அடியிலிருந்து வந்தது போல இருந்தது. “மஸ்கட்ல ஒரு பெரிய மாலோட பார்க்கிங்ல கார் கழுவினேன். பதினோரு வருஷம். முதல் மாசம் போன்ல டிரைவர் வேலைன்னு சொல்லிட்டேன், அப்புறம் அதை இறக்கி வைக்க எடமே கிடைக்கல. ஒரு நாளைக்கு நாப்பது காரு. ஒண்ணைக்கூட நான் ஓட்டினதில்ல. அதனாலதாங்க எனக்குன்னு ஒண்ணு வேணும்னு தோணிச்சு. இத வாங்கினேன். நேத்துதான் அந்த ரூலைப் படிச்சேன். ஆயிரம் பேரு முன்னாடி நான் எப்படி...”

“அதுக்குப் பொண்டாட்டி திருடியாகணுமா?” என்றான் பரிதி.

அவர் ஸ்டியரிங்கைச் சட்டை நுனியால் துடைக்க ஆரம்பித்தார். மேலிருந்து கீழாக.

“நீலப் பெட்டியிலதானே?” என்றாள் குந்தவை.

அவர் நிமிர்ந்தார். “திறந்து பார்த்தீங்களா?”

“தொடக்கூட இல்ல. அது பாயோட சொந்தப் பெட்டி. அதுக்கு இருபத்திரெண்டு வருஷமா யாரும் பொட்டு வச்சதில்ல. இன்னைக்கு இருக்கு.”

இளஞ்செழியன் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். “பூவை நகர்த்தினேன், திறந்தேன், கீழ்த் தட்டுல வச்சேன், மூடினேன். பார்த்தா மத்த எல்லாத்துலயும் பொட்டு இருக்கு, இதுல மட்டும் இல்ல. எங்கை பட்டு அழிஞ்சுபோச்சுன்னு பயந்துட்டேன். கிண்ணத்துலேர்ந்து எடுத்து நானே வச்சேன். அழகாத்தாங்க வச்சேன்.”

“அழகாத்தான் இருக்கு” என்றான் பரிதி. “வரிசையிலேயே அதுதான் நல்ல பொட்டு. ஒழுங்கீனமா வச்சிருந்தா எங்க மேடம் கொஞ்சம் குழம்பியிருப்பாங்க.”

“காலையில ஒன்பது மணி வரைக்கும் யாரும் தொட மாட்டாங்க, அதுக்குள்ள கேட் மூடிடும்னு கணக்குப் போட்டீங்க” என்றாள் குந்தவை. “கணக்கு சரி. விண்ணப்பத்தைத்தான் முழுசாப் படிக்கல.”

பின் குத்திய தாள்களை அவர் மடியில் வைத்தாள். ஒரு வரியில் விரலை வைத்தாள்.

உரிமையாளர் பெயர்: இ. பூவம்மாள்.

“கம்ப்யூட்டர் சென்டர்ல ஆர்.சி.யைப் பார்த்து அப்படியே அடிச்சிருக்காங்க. உங்க ஜோசியர் சொன்ன பேச்சைக் கேட்டு நீங்களே அவங்க பேர்லதானே வாங்கினீங்க? உரிமையாளர்தான் ஓட்டணும்னா, நாளைக்கு ஓட்ட வேண்டியது நீங்க இல்ல.”

இளஞ்செழியன் அந்த வரியை வெகுநேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியின் வழியே வாசலில் நின்ற குட்டி யானையைப் பார்த்தார். இரண்டு அறுப்பு மிஷினுக்கு நடுவே, ஒரு சாண் இடைவெளியில், நேர்கோடாக நின்றது.

“அப்ப நான் எதுக்குங்க இதை எடுத்தேன்?”

“அது எங்களுக்கும் புரியல” என்றான் பரிதி.

குந்தவை குனிந்தாள். “மஸ்கட் கதையை நான் யார்கிட்டயும் சொல்லப் போறதில்ல. அது உங்க வீட்டு விஷயம். ஆனா உங்க மனைவி பேரு இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள சுத்தமாகணும். அதை நான் சொன்னா நல்லா இருக்காது.”

*

அவர் சொன்னார். டீ குடித்துக்கொண்டிருந்த அத்தனை பேர் முன்னாலும், தொண்டையை நான்கு முறை கனைத்துவிட்டுச் சொன்னார்.

“நான்தான் எடுத்தேன். யாராவது களவாண்டுடுவாங்கன்னு பயந்து, பத்திரமா இருக்கட்டும்னு பாய் பெட்டியில வச்சுட்டேன். அது பூஜையில மாட்டிக்கும்னு யோசிக்கல. அப்புறம் சொல்ல வெக்கமாப் போச்சு. பூவு எடுக்கல. எடுக்கவும் மாட்டா. அதைக் காலையிலேயே சொல்லியிருக்கணும்.”

பரிதிக்குப் பொய்களில் அனுபவம் உண்டு. முதல் பாதி சுமாரான பொய். கடைசி வரிக்காக அதை மன்னித்துவிடலாம் என்று தோன்றியது.

காத்தான் பூவம்மாளின் பக்கம் திரும்பி, இருக்கும் உயரத்தில் பாதியாகக் குனிந்தான். “அக்கா, மன்னிச்சுக்குங்க. நான்தான் உங்கள முதல்ல பார்த்தேன்.”

“பார்த்தா பார்த்துட்டுப் போ தம்பி. ஆனா பெட்டியை ஒன்பது மணிக்குத் திறந்தா எப்படி?”

எல்லாரும் பெட்டியைப் பார்த்தார்கள். பொட்டு ஒன்றும் அறியாதது போல இருந்தது. ஒருவரும் அதை நோக்கிக் கை நீட்டவில்லை. குந்தவையும்தான்.

பாய் தாடியைத் தடவினார். “நான் எப்படியும் பஜ்ருக்கு எழுந்திருக்கிற ஆளு. தொழுதுட்டு அஞ்சரைக்கு ஷட்டரைத் திறந்து வைக்கிறேன். உங்க சாமி அவ்வளவு சீக்கிரம் எழுந்திருக்குமா காத்தான்?”

“அதிகாலை பூஜைன்னா சாமிக்கு ரொம்பப் பிடிக்குமே பாய்” என்றான் காத்தான், அதுவரை ஒன்பதை விட்டால் நல்ல நேரமே கிடையாது என்று நின்றவன்.

*

மறுபூஜை முடிந்து, ரோட்டார் ஏறி, மூடிய ரயில்வே கேட்டையும் தாண்டி, மறுநாள் காலை எட்டு ஐம்பதுக்குத் தஞ்சாவூர்க் கல்லூரி மைதானத்தின் வாசலில், மேசையை மடிக்கக் கை வைத்த ஒருங்கிணைப்பாளர் அப்படியே நின்றார். சாலை வளைவில் பாலாடை நிறத்தில் ஏதோ ஒன்று, பம்பரில் எலுமிச்சைச் சாறு காயாமல், நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் கம்பீரமாக வந்துகொண்டிருந்தது. பின்னால் ஸ்கூட்டரில் குந்தவை. அவளுக்குப் பின்னால், எவ்வளவு துவைத்தும் போகாத குங்குமக் கறையோடு பரிதி.

ஒருங்கிணைப்பாளர் காரைச் சுற்றி இடது பக்கம் ஓடினார். அங்கே கறுப்புக் கண்ணாடி போட்ட மனிதருக்குக் கை கொடுத்தார். “வாங்க சார், கடைசி நிமிஷத்துல வந்துட்டீங்க. ஓனர் நீங்கதானே?”

ஸ்கூட்டரில் பரிதி மூச்சைப் பிடித்தான்.

“இல்லைங்க” என்றார் இளஞ்செழியன். “ஓனர் அவங்க. நான் வண்டியைத் துடைக்கிறவன்.”

பூவம்மாள் செல்போன் உறையிலிருந்து லைசென்சை உருவி நீட்டினாள்.

மைதானத்தில் வரிசையாக நின்ற பழைய கார்களுக்கு நடுவே, ஒரே மூச்சில் பின்பக்கமாக எடுத்து மோரிஸை நிறுத்திவிட்டு இறங்கினாள். அவர் அதற்குள் மஞ்சள் துணியோடு பானெட்டின் மேல் சாய்ந்துவிட்டார். நீண்ட, நேரான கோடுகள். பக்கத்துக் காரின் உரிமையாளர்கள் இரண்டு பேர் தங்கள் துணிகளைப் பார்த்துவிட்டு, அவர் கையைப் பார்த்தார்கள். ஒருவர் மெல்ல வந்து, “அண்ணே, இந்தப் பளபளப்பு எப்படி?” என்று கேட்டார். இளஞ்செழியன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு விளக்க ஆரம்பித்தார்.

“கொட்டகை என்ன ஆகும்?” என்று கேட்டாள் குந்தவை.

“கொட்டகை நெல்லுக்கு. காரு வாசல் போர்டிகோவுல நிக்கும். அங்க இருக்கிற அவரு கட்டிலைத்தான் நகர்த்தணும்.” பூவம்மாள் புருஷனைப் பார்த்தபடியே சொன்னாள். “ஒரு நாளைக்கு நாப்பது காருன்னு சொன்னாராக்கும்?”

குந்தவையின் கையிலிருந்த தண்ணீர் பாட்டில் பாதி வழியில் நின்றது.

“எங்க எல்லாருக்கும் முன்னாடி சொன்னதுல அது இல்லையே” என்றாள் ஜாக்கிரதையாக.

“இன்னைக்கு வர்ற வழியில, பசுபதிகோயில் தாண்டி, அவரே சொன்னாரு. பாவம், அழுதுட்டாரு. எனக்கு முதல் வருஷமே தெரியும்.” அவள் சிரித்தாள். “மாசம் ஒரு போட்டோ அனுப்புவாரு. ஒவ்வொண்ணுலயும் வேற வேற காரு, சாஞ்சுக்கிட்டு நிப்பாரு. எல்லாத்துலயும் தோள்ல ஒரு மஞ்சத் துணி. டிரைவருக்கு எதுக்குத் துணி? ஒரு போட்டோவுலகூட ஸ்டியரிங் பிடிச்சு உட்கார்ந்தது கிடையாது.”

“அப்ப ரோட்டாரை எடுத்தது யாருன்னும்...”

“யாருன்னு தெரியும். எங்கன்னுதான் தெரியாது. பம்பர் மேல அந்தத் துணி மடிச்சிருந்ததைப் பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு. ஆனா நான் சொன்னா, மாட்டிக்கிட்டதும் புருஷன் மேல பழி போடுறான்னு ஆயிடும். அவரா வாயைத் திறக்கணும். அதுக்கு வெளி ஆளு ரெண்டு பேரு வந்து சுத்திச் சுத்தி நிக்கணும். அதான் உங்களக் கூப்பிட்டேன்.”

அவள் காரை நோக்கி நடந்தாள். நடுவர்கள் வந்துகொண்டிருந்தார்கள். இளஞ்செழியன் துணியை நான்காக மடித்து, எட்டாக மடித்து, யாரும் பார்க்கட்டும் என்று தோளில் போட்டுக்கொண்டார்.

குந்தவை தண்ணீர் பாட்டிலை மூடினாள்.

“பரிதி.”

“சொல்லுங்க மேடம்.”

“அந்தம்மா நம்ம ஆபீஸ்ல சேர்ந்தா ஒரு வேலை காலி ஆகும் போலிருக்கு.”

“நல்லதுதானே மேடம். யாரு வேலை?”

அவள் அவனுடைய சட்டைக் கறையை ஒரு தடவை பார்த்துவிட்டு, ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள்.

“வழியில வடை வாங்கித் தரேன். சாப்பிட்டுக்கிட்டே கண்டுபிடி.”